நெட்டுக்குத்தம்மாவும் இறங்கும் ஆஸ்பத்திரியும்

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் நெட்டுக்குத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை அவளே வருடத்துக்கு இரண்டு முறைதான் நினைத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்த்த உத்தியோகம் நிற்பது. சும்மா நிற்பது என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு மீட்டர் உயரமுள்ள அளவுக்கோலை ஒரு புள்ளியில் ஊன்றி, அதன் முதுகில் பொருத்திய ரசமட்டத்தின் குமிழி வட்டத்துக்குள் அடங்கும்படி பிடித்துக்கொண்டு, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் நிற்பது. நாற்பது மீட்டர் தள்ளி, முக்காலியில் ஏற்றிய லெவல் கருவிக்குப் பின்னால் எஞ்சினியர் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு கோலில் தெரியும் கோட்டை வாசித்துப் புத்தகத்தில் எழுதுவார். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் கோலை வைத்து ஒரு முறை, உயரம் தெரியாத இடத்தில் வைத்து ஒரு முறை. கூட்டிக் கழித்தால் எது எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்துவிடும். கணக்கு எஞ்சினியருடையது, நிற்பது இவளுடையது. கோல் ஒரு விரல் சாய்ந்தால் போதும், அந்தக் கணக்கு அத்தனையும் குப்பை.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெயிலில் நின்று நின்று வந்த கோபம் என்று டிரைவர் சொல்வார். அவளுடைய வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் என்பார். அவர் தையல்காரர். வாசலை ஒட்டிய அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர். நான்கு வருடமாக இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ். காலையில் மெஷினோடு படுத்தால் மதியம் எழுந்து, மூன்று தெரு நடந்து வீட்டுக்கு வந்து, மாலையில் காலர் தைக்க உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நிலநடுக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு வந்தது. ஐம்பது விநாடிதான். ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரை பிளந்து, சாம்பல் நிறச் சேறும் தண்ணீரும் கொப்பளித்தன. கார்கள் கதவுவரை புதைந்து நின்றன. மறுநாளிலிருந்து கட்டடம் பார்க்கும் குழுக்கள் தெருத் தெருவாகப் போய், தூண்களைத் தட்டி, விரிசல்களில் தகடு விட்டுப் பார்த்து, வாசல்களில் அட்டை ஒட்டின. பச்சை என்றால் இருக்கலாம். மஞ்சள் என்றால் பொருளை எடுக்கப் போய்விட்டு உடனே வெளியே வரவேண்டும். சிவப்பு என்றால் அந்த வாசலை மறந்துவிட வேண்டும். இவள் வீட்டுக்குப் பச்சை. அடுப்படிச் சுவரில் ஒரு பூச்சு விரிசல், அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் யாராலும் அட்டை ஒட்ட முடியவில்லை. ஐந்து மாடி. தூண்களைப் பார்த்தவர்கள் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் மட்டம் பார்த்தவர்கள், அதாவது இவளும் இவளுடைய எஞ்சினியரும், கொண்டுவந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. கட்டடத்தின் நான்கு மூலையிலும் கட்டியபோதே பதித்த பித்தளைக் குமிழ்கள் உண்டு. முதல் நாள் அளந்ததில் நான்கும் பதினோரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தன. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. சின்னச் சின்ன அதிர்வு வர வர, தினமும் மூன்று மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் என்று ஆஸ்பத்திரி அடங்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. நோயாளிகளை மைதானத்துக் கூடாரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இறங்கிக்கொண்டே இருக்கிற கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடித்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. இடித்தால் புதிதாகக் கட்ட நான்கு வருடம்.

டயாலிசிஸ்காரர்களை நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த வேறொரு நகரத்துக்கு அனுப்பினார்கள். போக நான்கு, வர நான்கு, நடுவில் மெஷினில் நான்கு. மூன்றாவது முறை போய்விட்டு வந்த அன்று தையல்காரர் செருப்பைக் கழற்றவில்லை, அப்படியே கட்டிலில் விழுந்தார். இவள்தான் கழற்றினாள். கால் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது.

"நாலு வருஷம் இப்படிப் போய் வர என்னால முடியாதும்மா. துணி இருக்கிற வரைக்கும்தானே தைக்க முடியும். அடுத்த வாரத்திலிருந்து போகப் போறதில்ல."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. போகாவிட்டால் பத்து நாள், அதிகம் போனால் பன்னிரண்டு நாள். இருவருக்கும் தெரியும். அவள் வழக்கம்போல் கோபப்பட்டாள். எழுந்துபோய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தூங்கிப்போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் கூட்டம், அதில் தலைமைப் பொறியாளர் இடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார் என்று டிரைவர் சொன்னார். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை மட்டம் பார்க்க, காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு முன் வந்து இறங்கினார்கள்.

எல்லா நாளும் போல முதல் வாசிப்பு மட்டக்குறியில். மட்டக்குறி என்பது உயரம் தெரிந்த, அசையாத புள்ளி. மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அளப்பார்கள். இங்கே அது சாலையோரத்து நிலத்தடித் தொட்டியின் மூலையில் அடித்த ஒரு இரும்புக் குமிழ். பழைய கழிவுநீர் பம்ப் தொட்டி. ஐந்து மீட்டர் ஆழத்துக்குக் கனத்த கான்கிரீட். இதைவிட உறுதியாக எது இருக்கும் என்று எஞ்சினியர்தான் தேர்ந்தெடுத்தார். அசலான மட்டக்குறி மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரப் பாறையில் இருந்தது. நிலநடுக்கம் முடிந்த கையோடு அவ்வளவு தூரம் போய்வர யாருக்கு நேரம்?

அவள் நடைபாதையில் நின்று, கோலைக் குமிழில் ஊன்றி, கைப்பிடிகளைப் பிடித்தாள். தோள் வலித்தது. சில நாளாகவே வலிதான். வயசாகிறது என்று விட்டுவிட்டாள். குனிந்து பார்த்தாள். சாலை வேலைகளுக்காக இந்தக் குமிழில் வருடக்கணக்காகக் கோல் பிடித்திருக்கிறாள். கைப்பிடி எப்போதும் அவளுடைய வேலைக் கோட்டின் மூன்றாம் பொத்தானுக்கு நேரே வரும். இன்று முதல் பொத்தானுக்கு நேரே இருந்தது. நடைபாதை இறங்கிவிட்டது, அதனால் நான் கீழே நிற்கிறேன் என்று இத்தனை நாளும் மனம் தானாகவே ஒரு சமாதானம் சொல்லியிருந்தது. ஊரே கோணிக் கிடக்கும்போது பொத்தானை யார் எண்ணுவார்கள்?

ஆனால் நேற்று முதல் பொத்தானுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது போல ஞாபகம். சாயங்காலம் நல்லதாக ஒரு அதிர்வு வந்தது. நடைபாதையில் ஒரு புது விரிசல்கூட இல்லை. அப்படியானால் நான் கீழே போனேனா, இது மேலே வந்ததா?

"அக்கா, குமிழி பாருங்க, கோல் ஆடுது" என்று எஞ்சினியர் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

அவள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்டியிட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் வாசிப்பு நடுவில் அவள் கோலை எடுத்தது அதுதான் முதல் தடவை. காய்ந்த சேற்றைக் கையால் வழித்தாள். தொட்டியின் கான்கிரீட் மேலே கறுத்து, பாசி பிடித்து, பழசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பட்டை, வெயிலே படாத உடம்புத் தோல் மாதிரி வெளிறிப்போய், ஈரத்தோடு. இத்தனை வருடமும் மண்ணுக்குள் இருந்த பகுதி அது.

ஆஸ்பத்திரி வாசலில் குழாய்க்காரர் ஒருவர் கூடாரங்களுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் நேரே அவரிடம் போய், கட்டடத்துக்குள் போகிற குழாய்களில் உடைப்பு உண்டா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை, சுவரைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது என்றார் அவர். ஒரு முழுக் கட்டடம் அரை அடி இறங்கியிருந்தால் சுவரோரத்தில் ஒரு குழாய்கூடவா முறியாது? அடுத்து அந்தத் தொட்டியைப் பற்றிக் கேட்டாள். அது காலித் தொட்டியாயிற்றே என்றார். பழுது பார்ப்பதற்காக நிலநடுக்கத்துக்கு முந்தின வாரம்தான் முழுதாக இறைத்து, குழாய் வாயெல்லாம் அடைத்து வைத்தார்களாம். அடைத்ததே அவர்தானாம்.

எஞ்சினியருக்கு வயது முப்பத்தைந்துக்குள். நல்ல மனிதர், கணக்கில் புலி, ஆனால் புத்தகத்தில் ஏறியதை எளிதில் விடமாட்டார். அவள் பட்டையைக் காட்டிச் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். எத்தனை டன் கான்கிரீட் தெரியுமா, அது எப்படி அக்கா மேலே வரும் என்றார்.

"மூடின காலி டப்பாவைச் சேத்துக்குள்ள அமுக்கி வெச்சு, சட்டியை ஒரு ஆட்டு ஆட்டுங்க சார். டப்பா எங்க போகும்? இந்தத் தெரு முழுக்கச் சேறாத்தானே கெடந்துச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டி மேலே மிதந்து வந்திருந்தால், அசையாதது என்று நம்பிய புள்ளிதான் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து அளந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கணக்கில் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு மூலையும் ஒரே அளவு, துளி வித்தியாசம் இல்லாமல், ஒன்றாக இறங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குமிழைத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஒன்பது நாள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். வேறு ஒருவராக இருந்தால் பூசி மெழுகியிருப்பார். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால்.

"பாறையிலிருந்து கொண்டு வந்துடலாம் அக்கா. போக மூணு கிலோமீட்டர், திரும்ப மூணு. நிக்க முடியுமா உங்களால?"

அவளைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

எட்டேகாலுக்குப் பாறையில் தொடங்கினார்கள். பாறையில் ஒரு வாசிப்பு. கருவிக்கு மறுபுறம் இரும்புத் தட்டைத் தரையில் மிதித்துப் பதித்து, அதன் மேல் கோலை வைத்து ஒரு வாசிப்பு. அவள் தட்டை விட்டு அசையாமல் நிற்க, எஞ்சினியர் கருவியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போவார். அவள் கோலை மட்டும் திருப்பிப் பிடிப்பாள். பிறகு அவள் அவரைத் தாண்டிப் போவாள். இப்படித் தாண்டித் தாண்டி ஊருக்குள் வந்தார்கள். ஒரு தட்டு அசைந்தால் சங்கிலியே அறுந்த மாதிரி. டிரைவர் சிவப்புத் துணியை வீசி வண்டிகளை நிறுத்தினார். யாரோ ஒருவர் பைக்கை நிறுத்தி, என் வீட்டையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவளிடம் பத்து நிமிடம் பேசினார். அவள் குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல், அளக்கும்போது பேசமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பத்தரை மணிக்கு, பாலத்தைத் தாண்டி மூன்றாவது தட்டில் நின்றபோது தரை ஆடியது. சின்ன அதிர்வுதான். தெருவில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அவள் கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நின்று என்ன பயன், தட்டு சேற்றில் அரை விரல் புதைந்துவிட்டது. எஞ்சினியர் புத்தகத்தில் மூன்று வரிகளைக் கோடு போட்டு அடித்தார். பாலத்துத் தூணில் வைத்திருந்த புள்ளிக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்கினார்கள். நாற்பது நிமிடம் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. கைகள் இரண்டும் கோலில் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை, வழிய விட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி மூலைப் பித்தளைக் குமிழில் கோலை வைத்தாள். நான்கு மூலையும் முடித்தார்கள். எஞ்சினியர் பென்சிலை எடுத்துக் கூட்டினார், கழித்தார், வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. போகும் வழியில் ஒரு தப்பு நடந்திருந்தால் திரும்பும் வழிதான் காட்டிக்கொடுக்கும். தொடங்கிய பாறைக்கே திரும்பிப் போய், தொடங்கிய உயரமே வருகிறதா என்று பார்க்காமல் எந்தக் கணக்கும் கணக்கில்லை. டிரைவர் கொண்டுவந்த டீயை இருவரும் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்ப நடந்தார்கள்.

மூன்றரைக்குப் பாறை. கடைசி வாசிப்பு. எஞ்சினியர் வண்டியின் முன்மூடியில் புத்தகத்தை விரித்து வைத்து இரண்டு தடவை கூட்டினார். ஆறு கிலோமீட்டர் சுற்றி வந்ததில் மொத்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். கட்டியபோது எழுதிவைத்த உயரத்துக்கும் இன்றைய உயரத்துக்கும் ஆஸ்பத்திரியின் நான்கு மூலையிலும் வித்தியாசம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "இறங்கலக்கா" என்றார். டிரைவர் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தார். அவள் முதல் தடவையாக உட்கார்ந்தாள், பாறையின் மேலேயே.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய அதிகாரிகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமைப் பொறியாளர் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். எஞ்சினியர் சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது நாளும் தப்பான புள்ளியிலிருந்து அளந்தது என் பிழை, கண்டுபிடித்தது இவர் என்று கையைக் காட்டிவிட்டு, புத்தகத்தை மேஜையில் வைத்தார். அறையில் சலசலப்பு எழுந்தது. ஒன்பது நாள் அளவையை நம்புவதா, ஒரு நாள் அளவையை நம்புவதா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், கட்டடம் பார்க்கும் குழுவில் ஒருவர், இவளை முன்பே எங்கேயோ பார்த்தவர் போல உற்றுப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு அங்கதானே டயாலிசிஸ் நடந்துச்சு? அதுக்காக இந்த அவசரமா?"

எஞ்சினியர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்ற கால், பழக்கதோஷத்தில் இன்னும் நெட்டுக்குத்தாகவே நின்றது.

"ஆமாங்க, அவருக்காகத்தான். கட்டடம் திறந்ததும் அவரைத்தான் முதல்ல உள்ள படுக்க வைக்கப் போறேன், பக்கத்துல நானும் உக்காரப் போறேன். விழும்னு துளி சந்தேகம் இருந்தா, வேற யாருக்கு வேணா பொய் சொல்லுவேன். அவருக்குச் சொல்லுவேனா?"

தலைமைப் பொறியாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாங்க, அந்தத் தொட்டியைக் காட்டுங்கள் என்றார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் மண்டியிட்டு, அந்த வெளிறிய பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நீளமான கம்பியைத் தொட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் விட்டார். கம்பி தடையில்லாமல் உள்ளே போயிற்று. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். உத்தரவுக் காகிதத்தை அந்த இடத்திலேயே நான்காகக் கிழித்தார் என்று டிரைவர் இன்றைக்கும் சொல்வார். அது கொஞ்சம் கூடுதல். மடித்துப் பையில்தான் வைத்தார்.

அதன்பின் நான்கு நாள் பாறையிலிருந்தே அளந்தார்கள். தூண்களை மறுபடி தட்டினார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் பச்சை அட்டை ஏறியது. கூடாரங்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சிலர் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். படுக்கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அட்டையை ஒட்ட ஆளைத் தேடியபோது எஞ்சினியர் பசை டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கோணாமல் ஒட்ட மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டாம் மாடியில் எட்டுச் சாய்வு நாற்காலியும் நிறைந்தன. தையல்காரர் ஜன்னலோரத்தில் படுத்திருந்தார். மூன்று தெரு நடந்து வந்த மனிதருக்கு இன்று பேச்சு அதிகம். நர்ஸின் கோட்டில் தோள் தையல் சரியில்லை, கழற்றிக் கொடுத்தால் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷினில் இருக்கும்போது மட்டும் அவருக்கு அனுமதித்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. விளக்குகள் ஊசலாடின. உப்புநீர்ப் பைகள் கம்பத்தில் மோதிக்கொண்டன. ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிற எட்டு பேர், எழுந்து ஓட முடியாதவர்கள். ஒரு கிழவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார். நர்ஸ் கதவுவரை போய்விட்டாள். தையல்காரரின் விரல்கள் இவள் மணிக்கட்டை இறுக்கின.

அவள் எழவில்லை.

"யாரும் எதையும் கழட்ட வேண்டாம்" என்றாள், அறை முழுவதும் கேட்கும்படி. "இது நான் அளந்த கட்டடம்."

கிழவர் ஊசியிலிருந்து கையை எடுத்தார். நர்ஸ் கதவிலிருந்து திரும்பி வந்து, மெஷின்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். விளக்குகள் நிற்கும்வரை எட்டு பேரும் நெட்டுக்குத்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆரஞ்சின் கடைசிச் சுளையைப் பிய்த்து வீட்டுக்காரர் வாயில் வைத்தாள்.